ஹில் ஸ்ட்ரீட் தீயணைப்பு நிலையமும் சிங்கப்பூர்த் தீயணைப்பாளர்களின் கதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு நகரைச் சுற்றிக் காட்டும்போது, ஹில் ஸ்ட்ரீட்டில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் கட்டடத்தைப் பார்த்ததும் கேள்விகள் ஆரம்பித்துவிடும். பிள்ளைகள் ஒரு மாதிரி கேட்பார்கள், பெரியவர்கள் வேறு மாதிரி. இரண்டு வகைக்கும் இங்கே பதில் இருக்கிறது.

சிங்கப்பூரில் தீயணைப்பாளர்களை நினைவுகூர எங்கே போவது?

ஹில் ஸ்ட்ரீட்டில் உள்ள மத்தியத் தீயணைப்பு நிலையத்துக்குத்தான். சிங்கப்பூரில் இன்றுள்ள தீயணைப்பு நிலையங்களில் மிகப் பழையது இது. 1998 டிசம்பரில் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2001 முதல் உள்ளேயே குடிமைத் தற்காப்பு மரபுடைமைக் காட்சிக்கூடம் இயங்கி வருகிறது.

போரில் இறந்தவர்களுக்கு எஸ்பிளனேட் பூங்காவில் ஒரு நினைவுச்சின்னமும் பீச் ரோட்டில் நான்கு உயர்ந்த தூண்களும் உண்டு. அங்கே போனால் மலர் வைக்கலாம், நின்று வணங்கலாம். ஹில் ஸ்ட்ரீட்டில் அது கொஞ்சம் கஷ்டம். நீங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே மணி அடித்து, வண்டி சீறிக்கொண்டு வெளியே வரும். இன்றும் பணியில் இருக்கும் நிலையம் இது. எனக்கென்னவோ அதுவே பொருத்தமாகப் படுகிறது.

எப்போது கட்டினார்கள்? ஏன் இந்தச் சிவப்பு வெள்ளை?

கட்டி முடித்தது 1908-ல். மாண்டேகு வில்லியம் பெட் என்ற பிரிட்டிஷ்காரர் அப்போது தீயணைப்புப் படையின் கண்காணிப்பாளர். தீயணைப்பையே தொழிலாகக் கற்றவர் அந்தப் பொறுப்புக்கு வந்தது அதுதான் முதல் தடவை. படையை ஒழுங்குபடுத்திப் பயிற்சி கொடுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

சிவப்புச் செங்கல்லுக்கு நடுவே வெள்ளைப் பட்டை வைப்பது அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பரவலாக இருந்த பாணி. 'ரத்தமும் கட்டுத்துணியும்' என்று அதற்குக் கிண்டலாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். தீயணைப்பு நிலையத்துக்கு அந்தப் பெயர் சரியாகவே அமைந்துவிட்டது. கீழே வண்டிக் கொட்டகை, மேலே ஆட்கள் தங்கும் அறைகள், பின்னால் பயிற்சி முற்றம். மணி அடித்தால் மாடியிலிருந்து கம்பத்தைப் பிடித்துச் சறுக்கிக் கீழே வந்துவிடுவார்கள். பிள்ளைகளிடம் அந்தக் கம்பத்தைப் பற்றிச் சொல்லிவிட்டால் போதும், மற்ற எதுவும் அவர்கள் காதில் ஏறாது.

அந்தக் கோபுரம் எதற்கு?

நெருப்பைக் கண்டுபிடிக்க. வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாத காலம் அது. கோபுரத்தில் ஒருவர் நின்று நாலாபுறமும் பார்த்துக்கொண்டிருப்பார். சுற்றிலும் இரண்டு மூன்று மாடிக் கடைவீடுகள்தான் என்பதால் புகை எங்கே எழுந்தாலும் தெரிந்துவிடும். இன்றைக்கு அங்கிருந்து பார்த்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் தெரியும்!

இன்னொரு வேலையும் இருந்தது. அந்தக் காலத்துக் குழாய்கள் கித்தான் துணியால் ஆனவை. நனைந்தபடி சுருட்டி வைத்தால் இற்றுப்போகும். அதனால் கோபுரத்தில் நீளவாக்கில் தொங்கவிட்டுக் காயவைத்தார்கள்.

கோபுரம் வருவதற்கு முன் அருகிலுள்ள ஃபோர்ட் கேனிங் குன்றிலிருந்து பீரங்கி வெடித்து நகரில் தீ என்று எச்சரிப்பார்கள். நேரம் சொல்வதற்கும் அதே பீரங்கிதான். எத்தனை முறை வெடித்தது என்று கவனிக்கத் தவறியவர்கள் என்ன நினைத்துக்கொண்டார்களோ!

இந்த நிலையம் வருவதற்கு முன்னால் தீயை அணைத்தது யார்?

தமிழ் வாசகர்கள் கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டிய பகுதி இது.

1830-ல் பிலிப் ஸ்ட்ரீட்டில் பெருந்தீ மூண்டது. பக்கத்து மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்கும் பரவியது. பின்னாளில் நம் செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்த அதே தெருதான். ஊரில் அப்போது தீயணைப்பு வண்டியும் கிடையாது, படையும் கிடையாது. கையில் வாளி கிடைத்தவர்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள்.

அடுத்த சில பத்தாண்டுகளுக்கு, தீ என்றால் கூப்பிட்டவுடன் கூட்டமாகக் கிளம்பக்கூடிய ஆட்கள் யார் என்று பார்த்தால், இந்தியக் கைதிகள். 1825-ல் சுமத்ரா தீவின் பென்கூலனிலிருந்து முதல் தொகுதிக் கைதிகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் மதராஸ், வங்காள மாகாணங்களிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். சாலை போடுவது, சதுப்பு நிலத்தை மேடாக்குவது, செங்கல் சுடுவது எல்லாம் அவர்கள் தலையில்தான். கூடவே தீ அணைப்பதும். கட்டுப்பாட்டுக்குப் பழகிய, எண்ணிக்கையில் அதிகமான, எந்த நேரமும் ஓரிடத்தில் இருக்கும் ஆட்கள் என்பதால் அரசாங்கத்துக்கு வசதியாகப் போயிற்று. கூலி? அதைக் கேட்கவே வேண்டாம்.

1869-ல் தீ தொடர்பான விவகாரங்களைக் கவனிக்க ஒரு குழு அமைத்தார்கள். 1873-ல் கைதிகள் சிறை மூடப்பட்டது. 1888-ல் சிங்கப்பூர்த் தீயணைப்புப் படை முறையாகத் தொடங்கியது. குதிரைகள் இழுத்த நீராவி இயந்திரங்கள் அதன் ஆரம்ப காலத்து வாகனங்கள்.

சிங்கப்பூர்த் தீயணைப்பின் வரலாற்றை 1888-லிருந்து ஆரம்பிப்பது வழக்கம். படையின் வரலாறு என்றால் அது சரிதான். தீயை அணைத்தவர்களின் வரலாறு என்று பார்த்தால், காலில் விலங்கோடு வந்த அந்த ஆட்களிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கட்சி.

புக்கிட் ஹோ சுவீ தீயை ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

இன்றைய சிங்கப்பூரின் வீட்டு வசதிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதால்.

1961 மே 25. ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. பிற்பகலில் தியோங் பாரு பக்கம் கம்பத்து (கிராமத்து) வீடுகளில் பிடித்த தீ, காற்றின் வேகத்தில் சாலையையும் தாண்டி புக்கிட் ஹோ சுவீக்குள் புகுந்தது. ஓலையும் பலகையுமாக ஒட்டி ஒட்டிக் கட்டிய அத்தாப்பு வீடுகள். நடுவே எண்ணெய்க் கிடங்குகள் வேறு. பீப்பாய்கள் வெடித்துச் சிதறின. கம்பத்துக்குள் வண்டி நுழைய அகலமான பாதை இல்லை. குழாயில் தண்ணீர் அழுத்தம் போதவில்லை. சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓடி வருபவர்கள் ஒரு பக்கம், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மறுபக்கம். விடுமுறையில் இருந்த தீயணைப்பாளர்களையும் திரும்ப அழைத்தார்கள். ராணுவமும் போலீசும் உதவிக்கு வந்தன.

கிட்டத்தட்ட 2,800 வீடுகள் அழிந்தன. ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். இறந்தவர்கள் 4 பேர். அத்தனை பெரிய தீயில் உயிரிழப்பு இவ்வளவு குறைவு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பகல் நேரம் என்பது ஒரு காரணம். அண்டை வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டித் தட்டிக் கிழவர்களையும் குழந்தைகளையும் வெளியேற்றியது இன்னொரு காரணம்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. லிம் கிம் சான் அதன் முதல் தலைவர். தீப்பிடித்த நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, அங்கேயே அடுக்குமாடி கட்டத் தொடங்கியது. ஓராண்டுக்குள் பலருக்குப் புது வீட்டுச் சாவி கிடைத்தது. இடத்துக்காக வேண்டுமென்றே தீ வைத்தார்கள் என்று அப்போது ஒரு வதந்தி கிளம்பி, நெடுநாள் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு எந்த ஆதாரமும் வெளிவரவில்லை.

அது தனி ஒரு சம்பவமும் அல்ல. 1934-ல் தியோங் பாருவிலும், 1958-ல் கம்போங் கூ சாயிலும், 1959-ல் மறுபடி தியோங் பாருவிலும் கம்பங்கள் எரிந்திருக்கின்றன. தீயணைப்பாளர்கள் எவ்வளவு வேகமாகப் போனாலும் ஓலைக் கூரை அவர்களை முந்திக்கொண்டது. அவர்களுடைய பாதிச் சண்டையை முடித்து வைத்தது காங்கிரீட் என்றே சொல்லலாம்.

தீயின்போது மின்தூக்கியில் ஏறாதீர்கள் என்கிறார்களே, அதற்கு இங்கே ஏதாவது கதை உண்டா?

உண்டு, கசப்பான கதை. 1972 நவம்பர் 21 காலை, ராஃபிள்ஸ் பிளேசில் இருந்த ராபின்சன்ஸ் பல்பொருள் அங்காடி மின்கோளாறால் எரிந்தது. 9 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மின்தூக்கிகளுக்குள் சிக்கிக்கொண்டவர்கள். அங்கும் தண்ணீர் அழுத்தம் பிரச்சினையாக இருந்தது. விசாரணைக்குப் பிறகு உயரமான கட்டடங்களின் தீப்பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. இன்று உங்கள் அலுவலகத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மணி அடித்து எல்லாரையும் படிக்கட்டில் இறக்கி வெயிலில் நிற்க வைக்கிறார்கள் என்றால், அதன் வேர் அங்கெல்லாம் போகும்.

தீயே இல்லாத விபத்துகளும் இந்த வரலாற்றில் ஏன் வருகின்றன?

1986 மார்ச் 15-க்குப் பிறகு தீயணைப்பையும் மீட்புப் பணியையும் பிரித்துப் பேச முடியாமல் போய்விட்டது. அன்று காலை சிராங்கூன் ரோட்டில், ஓவன் ரோடு சந்திப்பில் இருந்த ஹோட்டல் நியூ வேர்ல்டு ஒரு நிமிடத்துக்குள் இடிந்து தரைமட்டமானது. ஆறு மாடிக் கட்டடம். 33 பேர் இறந்தார்கள், 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்த இடத்தைக் கடந்துதான் போகிறோம். அங்கே இப்போது வேறொரு ஹோட்டல் இருக்கிறது. தேக்கா வட்டாரத்தில் அந்தக் காலத்தில் கடை வைத்திருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், சத்தத்தைப் பற்றியும் தூசியைப் பற்றியும் நிறையச் சொல்வார்கள்.

தீயணைப்புச் சேவை, குடிமைத் தற்காப்புப் படை, ராணுவம் மூன்றும் சேர்ந்து இடிபாட்டைக் கிளறின. கனரக இயந்திரம் வைத்தால் உள்ளே உயிரோடு இருப்பவர்கள் மேல் இன்னும் சரியும். அப்போது எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) சுரங்கப் பணிக்காக வந்திருந்த அயர்லாந்து, பிரிட்டிஷ், ஜப்பானிய நிபுணர்கள் இடிபாட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டி ஆட்களை வெளியே கொண்டுவந்தார்கள். இடிபாட்டுக்குள் உயிரைத் தேடும் கருவிகள் மீட்புப் பணிக்கு எவ்வளவு தேவை என்று அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

காரணம் கேட்டால் வயிறு எரியும். கட்டடம் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்று கணக்குப் போட்டவர், கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்க விட்டுவிட்டார். 1971-ல் கட்டியது. அந்தப் பிழையோடு 15 ஆண்டுகள் நின்றிருக்கிறது.

தீயணைப்புச் சேவையும் குடிமைத் தற்காப்புப் படையும் ஒன்றா?

1989 ஏப்ரல் 15 முதல் ஒன்று. அதற்கு முன் தனித்தனி. இப்போது தீயணைப்பு, ஆம்புலன்ஸ், மீட்பு மூன்றும் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் கீழ். எண் 995. அவசரமில்லாத ஆம்புலன்சுக்கு 1777.

பணியின்போது தீயணைப்பாளர்கள் உயிரிழந்திருக்கிறார்களா?

2022 டிசம்பர் 8 அன்று ஹெண்டர்சன் ரோட்டில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தீ. அணைக்கச் சென்றவர்களில் ஒருவர், 19 வயது முழுநேரத் தேசியச் சேவையாளர் (கட்டாயச் சேவையில் இருந்தவர்), உள்ளே மயங்கிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டு மருத்துவமனையில் இறந்தார். தீயணைக்கும் பணியில் குடிமைத் தற்காப்புப் படை இழந்த முதல் வீரர். ஹில் ஸ்ட்ரீட் நிலையத்தைச் சேர்ந்தவர்.

அந்த வாரம் தேசியச் சேவையில் பிள்ளை இருக்கும் வீடுகளில் வேறு பேச்சே இல்லை. ராணுவத்துக்குப் போகாமல் தீயணைப்புக்குப் போனால் 'கொஞ்சம் லேசான இடம்' என்று நினைக்கும் பழக்கம் நம்மிடையே இருந்தது. இனி யாரும் அப்படிச் சொல்லத் துணிய மாட்டார்கள். நிலையத்தின் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டு நிற்கும் பையன்களில் பலர் பள்ளி, பாலிடெக்னிக் முடித்துவிட்டு நேரே வந்தவர்கள். பார்த்தால் ஒரு வணக்கம் சொல்லுங்கள், அவர்களுக்கும் பிடிக்கும்.

லிட்டில் இந்தியா கலவரத்தில் இவர்கள் பங்கு என்ன?

2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு தமிழகத் தொழிலாளி பேருந்துக்கு அடியில் சிக்கி இறந்தார். அவரை வெளியே எடுக்க வந்த குடிமைத் தற்காப்புப் படையினர் மீதே கூட்டம் கல்லும் பாட்டிலும் வீசியது. அந்தக் கல் மழையிலும் உடலை வெளியே எடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். ஓர் ஆம்புலன்ஸ் எரிக்கப்பட்டது. நம் சமூகத்துக்குச் சங்கடமான இரவு. அந்த உடலுக்குக் காட்டப்பட்ட மரியாதையையும் சேர்த்தே அந்த இரவை நினைவில் வைக்க வேண்டும்.

வெளிநாடுகளுக்கும் போகிறார்களா?

போகிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேவுக்குப் போனார்கள். 2023-ல் துருக்கி நிலநடுக்கம், 2025-ல் மியன்மார் நிலநடுக்கம். மியன்மாருக்கு மோப்ப நாய்களோடு, முதுகில் சின்னக் கருவி பொருத்திய கரப்பான்பூச்சிகளையும் கொண்டுபோனார்கள். கேலி இல்லை, நிஜம். மனிதக் கை நுழைய முடியாத இடுக்கில் அது நுழையும், கேமரா படம் அனுப்பும். வீட்டில் செருப்பால் அடிக்கும் ஜந்துவுக்கு வந்த யோகத்தைப் பாருங்கள்.

சீருடை போடாதவர்களையும் நினைவுகூர வேண்டாமா?

வேண்டும். 2025 ஏப்ரல் 8 அன்று ரிவர் வேலி ரோட்டில் ஒரு கடைவீட்டில் தீ. மாடியில் பிள்ளைகளுக்கான வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. புகை சூழ, பிள்ளைகள் மூன்றாம் மாடிச் சன்னல் விளிம்பில் நின்றுகொண்டு கத்தினார்கள். அருகில் வேலை செய்துகொண்டிருந்த கட்டுமானத் தொழிலாளர்கள், அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு, சாரக் கம்பியையும் ஏணியையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குறைந்தது பத்துப் பிள்ளைகளைக் கைமாற்றிக் கைமாற்றிக் கீழே இறக்கினார்கள். பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் காப்பாற்ற முடியவில்லை.

மனிதவள அமைச்சு அந்தத் தொழிலாளர்களைப் பாராட்டி நினைவு நாணயம் வழங்கியது. குடிமைத் தற்காப்புப் படையும் கௌரவித்தது. 'பசங்க அழுதுட்டு இருக்காங்க, எப்படிச் சும்மா நிக்கிறது' என்ற ரகத்தில்தான் அவர்களுடைய பேச்சு இருந்தது, வீரம் கீரம் என்று எதுவும் இல்லை. மதராஸிலிருந்து விலங்கோடு வந்து வாளி தூக்கியவர்களையும், வேலை அனுமதிச் சீட்டோடு வந்து சாரம் தூக்கியவர்களையும் ஒரே வரிசையில் வைத்துச் சொல்லும் ஒரு பலகை ஹில் ஸ்ட்ரீட்டில் வந்தால் நான் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன்.

நிலையத்துக்கு எப்படிப் போவது? கட்டணம் உண்டா?

சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கி நடந்தால் சில நிமிடம். காட்சிக்கூடத்துக்கு நுழைவு இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. நேரம் மாறக்கூடும் என்பதால் கிளம்புவதற்கு முன் இணையத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிகள், தலைக்கவசங்கள், பெருந்தீக்களின் படங்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. சிறு பிள்ளைகள் இருந்தால் சனிக்கிழமை காலை நல்லது. தீயணைப்பு நிலையங்களில் பொதுமக்களுக்குச் சுற்றிக் காட்டும் வழக்கம் உண்டு, வண்டியில் ஏறி உட்காரலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. படம் எடுக்கும் ஆசையில் வண்டி வெளிவரும் கதவுகளுக்கு முன்னால் நிற்காதீர்கள். அழைப்பு வந்தால் அவர்கள் உங்கள் செல்ஃபி முடியும்வரை காத்திருக்க முடியாது.

பக்கத்தில் வேறென்ன பார்க்கலாம்?

அதே தெருவில் 1835-ல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம். ஆற்றுப் பக்கம் நடந்தால் வண்ண வண்ணச் சன்னல்களோடு பழைய ஹில் ஸ்ட்ரீட் போலீஸ் நிலையம். ரயில் நிலையத்துக்குத் திரும்பும் வழியில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம். மேலே சொன்ன இந்தியக் கைதிகள்தான் அதைக் கட்டினார்கள். சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் கலந்து பூசிய மதராஸ்ச் சாந்து அதன் சுவர்களில் இருக்கிறது. வழிபாடு நடக்காத நேரமாகப் பார்த்து உள்ளே போங்கள்.